ட்யூப்போடு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள்

கழுத்தில் துளையிட்டு ட்யூப் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் தாய்மார்கள் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. தலையை ஆட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசுவானா சிஸ்டர்?" என்பார்கள். பிழைப்பானா என்று கேட்க வாய் வராது. அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் இதைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரும்பாலான பிள்ளைகள் பேசுவார்கள். பெரும்பாலானவர்கள் பிழைப்பார்கள். ஆனால் எந்தப் பிள்ளை, எப்போது, எப்படி என்பதற்கு ஒரே பதில் கிடையாது. தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். டிரக்கியாஸ்டமி என்ற இந்த அறுவையை வார்டில் 'டிரக்கி' என்போம். அறுவை அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அது பலித்ததா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் மாதங்களில், பெரும்பாலும் பிள்ளையின் வீட்டில் தெரியும். அந்த வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கைகளுக்குக் கற்றுத்தருவது அறுவையின் பாதி என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பாதியை நாம் இன்னும் சரியாகச் செய்யவில்லை.

குழந்தைகளுக்கு ஏன் இது தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் மொத்தமே 4 சென்டிமீட்டர் நீளம்தான். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, முழு வளையமாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அந்த இடத்தில் உள்ளகலம் 4 அல்லது 5 மில்லிமீட்டர். அங்கே சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்று போகும் பாதையின் பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதே வீக்கம் நமக்கு வந்தால் தொண்டைக் கரகரப்போடு போய்விடும். குழந்தைக்கோ நெஞ்சுக்குழி உள்வாங்கும், விலா இடுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் குழியும், இழுக்கும் சத்தம் வார்டு வாசல்வரை கேட்கும். பால் குடிக்க முடியாது. மூச்சு விடுவதே முழு நேர உழைப்பாகிவிடும். அந்த உழைப்பில் களைத்துப்போன குழந்தை இழுப்பதை நிறுத்தி அமைதியாகும்போதுதான் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். சத்தம் நின்றது நல்லதற்கு என்று வீட்டார் நினைப்பார்கள். காற்று போவதே நின்றுகொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

இந்த அடைப்புக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்சுவரில் ஒரு வழி திறந்துவிட்டால் காற்று நேரே நுரையீரலுக்குப் போகும். யோசனை பழையது. அதைக் குழந்தைகளுக்குச் செய்ய வைத்தது தொண்டை அடைப்பான் நோய். பிரான்சின் தூர் நகரத்தில் 1825-இல் பியர் ப்ரெத்தோனோ என்ற மருத்துவர், தொண்டையில் வெள்ளைச் சவ்வு படர்ந்து மூச்சடைத்துக் கிடந்த ஒரு சிறுமிக்கு மூச்சுக்குழாயைத் திறந்து ட்யூப் வைத்தார். அவருடைய முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. இந்தச் சிறுமி பிழைத்தாள். அவருடைய மாணவர் அர்மான் த்ரூஸோ பாரிஸில் இருநூறு பிள்ளைகளுக்கு இதைச் செய்தார். நான்கில் ஒரு பங்கினர்தான் பிழைத்தார்கள். நாலில் மூன்று போனதே என்று இன்று தோன்றும். மூச்சடைத்து நீலம் பாரித்த பிள்ளைகளுக்கு அன்று வேறு வழியே இல்லை. அந்தக் கால் பங்கு முழுவதும் மீட்கப்பட்ட உயிர்கள்.

1890-இல் பெர்லினில் பேரிங், கிட்டசாட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நோய்க்கான நச்சுமுறிவு மருந்துக்கு வழி கண்டார்கள். பிறகு தடுப்பூசி வந்தது. எனக்கு வேலை கற்றுத்தந்த மூத்த சிஸ்டர்கள் தொண்டை அடைப்பான் வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்தவர்கள். கத்தி, ட்யூப், டார்ச் மூன்றையும் தட்டில் அடுக்கிவைத்து விடியும்வரை கண்ணயராமல் இருந்த கதைகளை அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முத்தடுப்பு ஊசி அந்தத் தட்டை ஏறக்குறைய அகற்றிவிட்டது. 2011 டிசம்பரில், தொண்டை அடைப்பானையும் சேர்த்து ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை அரசுத் திட்டத்தில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். ஊசி போடாமல் விட்ட பிள்ளை ஒன்று இழுப்போடு வந்தால் அந்தப் பழைய பயம் எங்களுக்குத் திரும்ப வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும் ஊசி அது. தவணை தவறாமல் போட்டுவிடுங்கள்.

இந்தக் கதையில் இன்னொரு திருப்பம் 1952-இல் கோபன்ஹேகனில் நடந்தது. நர்சிங் மாணவிகளுக்கு இதைச் சொல்லாமல் நான் விடுவதே இல்லை. அந்தக் கோடையில் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்தவர்களை அன்றிருந்த இயந்திரங்களில் வைத்தார்கள். முதல் மூன்று வாரங்களில் அப்படி வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது பியோர்ன் இப்ஸன் என்ற மயக்கவியல் மருத்துவரை அழைத்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று, சாகும் நிலையில் இருந்த விவி என்ற 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் டிரக்கி செய்து, ட்யூபில் ரப்பர் பையை மாட்டி, கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் உயிர் திரும்பியது. மருத்துவக் கல்லூரி மாணவர்களை வரவழைத்தார்கள். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கட்டிலோரம் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். ஒரே சமயத்தில் 70 நோயாளிகள்வரை மனிதக் கைகளால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அது. விவி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தாள், வீட்டுக்கும் போனாள். அந்த மாணவர்கள் யாரும் நிபுணர்கள் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சரியாக, தூங்காமல் செய்தார்கள். எங்கள் வார்டுத் தாய்மார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

இப்போது எங்களிடம் வரும் பிள்ளைகள் வேறு வகை. குறைமாதத்தில் பிறந்து, வாயிலோ மூக்கிலோ ட்யூப் போட்டு வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்த சிசுக்கள் முதலில் வருகிறார்கள். உயிரைக் காத்த அந்த ட்யூப் உரசிய இடத்தில் தழும்பு ஏறி, குரல்வளைக்குக் கீழே பாதை சுருங்கிவிடுகிறது. முன்பு அந்தச் சிசுக்கள் பிழைத்ததே இல்லை, அதனால் இந்தச் சுருக்கத்தை யாரும் அதிகம் பார்த்ததில்லை. அடுத்து, நுரையீரல் முதிராமல் நெடுநாள் இயந்திரம் தேவைப்படும் குழந்தைகள். தாடை மிகச் சிறியதாக இருந்து நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைப்பவர்கள். இரண்டு குரல் நாண்களும் அசையாதவர்கள். முதுகுத்தண்டு நரம்பு பாதித்துத் தசை தளர்ந்து போகும் பிள்ளைகள். நேற்றுவரை பள்ளிக்கு ஓடிய பிள்ளை கீலான் பாரே நோயில் கை கால் விழுந்து வந்து நிற்பதும் உண்டு. தலையில் அடிபட்டு நினைவின்றி வருபவர்களும் உண்டு. குரல் நாணில் வைரஸ் மருக்கள் வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் டாக்டர்கள் டிரக்கியைக் கூடியவரை தள்ளிப்போடுவார்கள். துளை போட்டால் மரு கீழே மூச்சுக்குழாய்க்கும் பரவக்கூடும்.

காரணத்தை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிரக்கி எப்படி முடியும் என்பதை ட்யூபைவிட இந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. கீலான் பாரே பிள்ளைக்குத் தசை வலு திரும்பியதும் சில வாரங்களிலோ மாதங்களிலோ ட்யூபை எடுத்துவிடலாம். சுருக்கம் உள்ள பிள்ளைக்கு அதைச் சரிசெய்த பிறகுதான் எடுக்க முடியும், அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். தசைத்தளர்ச்சி உள்ள பிள்ளைக்கு ட்யூப் எடுப்பது இலக்கே அல்ல. வீட்டில், அண்ணன் தங்கைகளுக்கு நடுவில் இருக்க வைப்பதுதான் இலக்கு. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு எடுத்துவிட்டார்களே, எங்கள் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று கண் கலங்குபவர்களிடம் இதைத்தான் உட்காரவைத்துப் பேசுகிறேன்.

இனி அறுவை. தோளுக்கடியில் துணிச்சுருள் வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள். பெரும்பாலும் வாய் வழியாக ஏற்கெனவே ஒரு ட்யூப் இருக்கும், பிள்ளை மயக்கத்தில் இருக்கும். முன்கூட்டித் திட்டமிட்டு தியேட்டரில் செய்யும் இந்த முறைக்கும், மூச்சடைத்து ஓடிவந்த நேரத்தில் அவசரமாகச் செய்வதற்கும் ஆபத்தில் பல மடங்கு வித்தியாசம். தோலைத் திறந்து, தசைகளை நடுவில் விலக்கி, மூச்சுக்குழாயின் இரண்டாவது வளையத்துக்கும் நான்காவது வளையத்துக்கும் இடையே நெட்டுக்குத்தாக ஒரு கீறல் போடுவார்கள். குழந்தைகளுக்குக் குருத்தெலும்பை வெட்டி எடுப்பதில்லை. எடுத்தால் அந்த இடம் பிறகு சுருங்கும். கீறலை இன்னும் மேலே போட்டாலும் அதே கதிதான். இதை 1921-இல் அழுத்திச் சொன்னவர் ஃபிலடெல்ஃபியாவின் செவாலியர் ஜாக்சன். முறையான டிரக்கியை உலகத்துக்குக் கற்றுத்தந்தவர் அவர். எங்கள் அலமாரியில் இருக்கும் உலோக ட்யூபுக்கு இன்றும் ஜாக்சன் ட்யூப் என்றுதான் பெயர்.

கீறலின் இரு பக்கமும் ஒவ்வொரு நூல் கோத்து வெளியே விடுவார்கள். அந்த நூல்களை மார்பில் பிளாஸ்திரியால் ஒட்டி வலது, இடது என்று எழுதிவைப்போம். பார்க்க வருபவர்கள் தையல் நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று தொடப் போவார்கள். தொடவே கூடாது. முதல் வாரத்தில் ட்யூப் நழுவி வெளியே வந்துவிட்டால் துளை தசைக்குள் மறைந்துவிடும். இந்த நூல்களை இழுத்தால்தான் துளை மேலே வந்து முகம் காட்டும். ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் பாதை பதிந்துவிடும். முதல் ட்யூப் மாற்றத்தை டாக்டர் செய்வார். அதற்குப் பிறகு அம்மாவின் முறை.

சிசுவுக்கு வைக்கும் ட்யூபின் உள்விட்டம் 3 அல்லது 3.5 மில்லிமீட்டர். பால்பாயிண்ட் பேனா ரீஃபில் அளவு. பெரியவர்களின் ட்யூபுக்குள் கழற்றிக் கழுவ இன்னொரு உள்ட்யூப் இருக்கும். இதற்குள் இன்னொன்றுக்கு இடமே இல்லை. காய்ந்த சளித்துண்டு ஒன்று போதும், மூச்சு அடைத்துவிடும். அடைத்தால் முழு ட்யூபையும் மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு இருப்பது ஓரிரு நிமிடங்கள். கிராமத்திலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால், அந்த ஓரிரு நிமிடங்களில் அங்கே டாக்டராக இருக்கப்போவது அம்மாதான்.

அதனால்தான் வார்டில் கற்றுத்தருகிறோம். முதலில் பொம்மையில், பிறகு பிள்ளையில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. சக்‌ஷன் குழாய் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று மாற்று ட்யூபில் வைத்து அளந்து குறித்துக்கொள், அதற்கு மேல் ஒரு துளிகூடத் தள்ளாதே, உள்ளே புண்ணாகும். உள்ளே விடும்போது உறிஞ்சாதே, எடுக்கும்போது மட்டும் விரலால் மூடி உறிஞ்சு. பத்து நொடிக்கு மேல் கூடாது, ஏனென்றால் சளியோடு காற்றையும் உறிஞ்சுகிறாய். கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் இருக்கட்டும். தளர்ந்தால் ட்யூப் வெளியே வரும், இறுகினால் தோல் புண்ணாகும். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போனாலும் ஒரு பை கூடவே வர வேண்டும். அந்தப் பைக்குள் அதே அளவில் ஒரு ட்யூப், ஓர் அளவு சின்னதாக இன்னொன்று, நாடா, கத்தரிக்கோல், சக்‌ஷன் குழாய்கள்.

ஒருவருக்கு மட்டும் கற்றுத்தந்து அனுப்பக் கூடாது, இரண்டு பேராவது தெரிந்திருக்க வேண்டும். அம்மாவும் தூங்கியாக வேண்டுமே. அப்பா பெரும்பாலும் திருப்பூரிலோ கேரளத்திலோ துபாயிலோ வேலையில் இருப்பார். ஆகவே இரண்டாவது ஆள் அநேகமாக ஆச்சி அல்லது சித்தி. தென்காசிப் பக்கத்து ஆச்சி ஒருவர், காலமெல்லாம் பீடி சுற்றியவர், பேரனுக்குச் சக்‌ஷன் போடக் கற்றுக்கொள்ளச் சொன்னபோது எழுந்து போய்விட்டார்.

"எனக்கு எழுத்தே தெரியாதும்மா. பச்சப்புள்ள கழுத்துல கைய வச்சி ஏதாச்சும் ஆயிட்டா?"

"எழுத்து எதுக்கு ஆச்சி? உங்க விரலுக்குத்தான் அளவு தெரியுமே."

மகள் மூன்று நாளில் கற்றதை ஆச்சி அதைவிடச் சீக்கிரம் கற்றார். இலையை அளவாக வெட்டி, தூளை அளவாக வைத்துச் சுருட்டிய விரல்களுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர்தான். கடைசி நாளில் நான் அவரிடம் கேட்டுக்கொண்டது வேறொன்று. பீடித்தட்டை வீட்டுக்குள் வைக்காதீர்கள், புகையிலைத் தூள் ட்யூப் வழியாக நேரே நுரையீரலுக்குப் போகும். அவர் தட்டைப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டார் என்று அடுத்த முறை மகள் சொன்னாள். குடும்பத்துக்குச் சோறு போடும் தட்டு அது. அதை நகர்த்துவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

மூக்கு செய்யும் வேலை என்ன என்பது மூக்கு வழியாக மூச்சு போகாதபோதுதான் புரிகிறது. காற்றை வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி அனுப்புவது அது. ட்யூப் வைத்த பிள்ளைக்கு அந்த மூன்றும் இல்லை. வெளிநாட்டில் செயற்கை மூக்கு என்று ஒரு சின்ன மூடியை மாட்டிவிடுகிறார்கள், இங்கும் வாங்கலாம். கிடைக்காத இடத்தில் சுத்தமான மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து துளையை மூடாமல் முன்னால் தொங்கவிடச் சொல்கிறோம். நூல் பிரியும் துணி கூடாது. நம் வீடுகளில் குழந்தைக்குச் செய்யும் பாசமான காரியங்கள் பலவற்றை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடக் கூடாது. கழுத்தில் பவுடர் அப்பக் கூடாது. காலில் கிடத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஒருவர் கழுத்துக்குக் கையால் அணை கட்டிக்கொள்ள மற்றவர் குளிப்பாட்ட வேண்டும். விறகடுப்புப் பக்கம் தொட்டில் கட்டக் கூடாது. வளர்ந்த பிறகு கண்மாய், கிணறு, வாய்க்கால் எதிலும் இறங்கக் கூடாது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். காலால் மிதிக்கும் சக்‌ஷன் பம்பு இருக்கிறது. மின் மோட்டார் வைத்த வீட்டிலும் இது ஒன்று இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடத் தாய்மார்களை உடைப்பது அழுகைதான். ட்யூப் குரல் நாணுக்குக் கீழே இருப்பதால் வெளிவிடும் காற்று நாணைத் தொடாமலே போய்விடும். பிள்ளை வாயைத் திறந்து, முகம் சிவந்து, கண்ணீர் வழிய அழும். சத்தம் வராது. இருட்டில் அது பசியில் அழுகிறதா, மூச்சடைத்துத் துடிக்கிறதா, அழவே இல்லையா என்று தெரியாது. ஒரு தாய் பிள்ளையின் இரண்டு காலிலும் நிறைய மணி வைத்த கொலுசு போட்டிருந்தாள். உதைத்தால் விழித்துக்கொள்வேன் என்றாள். அதை நான் மற்றவர்களுக்கும் சொல்லித்தருகிறேன். வாங்க வசதி உள்ளவர்கள் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு காட்டும் அலாரக் கருவி வாங்கிவைப்பது நல்லது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பெரிய குழந்தைகள் மருத்துவமனைகள் வெளியிட்ட தொகுப்புகள் பலவற்றில், டிரக்கி வைத்த பிள்ளைகளில் 100-க்கு 10 முதல் 20 பேர், சிலவற்றில் அதற்கும் மேல், பின்வரும் ஆண்டுகளில் இறந்திருக்கிறார்கள். படித்தால் நெஞ்சு கனக்கும். ஆனால் அந்த இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை டிரக்கியால் வந்தவை அல்ல, எந்த இதய நோய்க்காகவோ நுரையீரல் நோய்க்காகவோ நரம்பு நோய்க்காகவோ ட்யூப் வைத்தார்களோ அதனால் வந்தவை. ட்யூபையே காரணமாகக் கொண்ட இறப்பு 100-க்கு ஒன்று முதல் மூன்று என்ற அளவில் சொல்லப்படுகிறது. அந்த ஒன்று முதல் மூன்றுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: ட்யூப் அடைத்தது, ட்யூப் நழுவியது. இரண்டையும் பக்கத்தில் இருக்கும் கை சரிசெய்ய முடியும்.

அந்தக் கணக்குக்கு என்னிடம் ஒரு முகம் இருக்கிறது. வேறோர் ஊரில் ட்யூப் வைத்து, வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒன்பது மாதக் குழந்தை. தாடை சிறுத்த பிள்ளை, மற்றபடி ஆரோக்கியம். சக்‌ஷன் கருவி வாங்கச் சொல்லவில்லை, மாற்று ட்யூப் தரவில்லை. சளி வந்தால் துணியால் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் ட்யூபின் நுனி முழுக்க உலர்ந்த சளி. தாடை வளர வளர அந்தப் பிள்ளைக்கு ட்யூபே தேவைப்படாமல் போயிருக்கும். ஒரு வாரம் கூடுதலாக வார்டில் வைத்துக் கற்றுத்தந்திருந்தால் அது இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அறுவைக்கு உள்ள கணக்கும் ரசீதும், அம்மாவுக்குக் கற்றுத்தரும் நாட்களுக்கு இல்லை. கட்டில் காலியாக வேண்டும் என்ற நெருக்கடி எனக்கும் தெரியும். இரண்டு பேர் தனித்தனியாக ட்யூபை மாற்றிக் காட்டாதவரை, சக்‌ஷன் கருவி வீட்டுக்குப் போய்ச் சேராதவரை, டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்து விழக் கூடாது. வாங்க வழியில்லாதவர்களுக்கு மருத்துவமனையே கருவியை இரவல் தந்து, ட்யூப் எடுத்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டது அடுத்த பிள்ளைக்கும் பயன்படும்.

நல்ல முடிவுகளையும் சொல்ல வேண்டும், அவை அதிகம். குரல்வளைச் சுருக்கத்துக்கு இன்று சிகிச்சை இருக்கிறது. லேசானதைப் பலூன் வைத்து விரிக்கிறார்கள். கடுமையானதற்கு விலா எலும்பின் குருத்தெலும்பில் சிறு துண்டு எடுத்துப் பாதையில் பதித்து அகலமாக்குகிறார்கள். 1970-களில் பிளேர் ஃபியரனும் ராபின் காட்டனும் வளர்த்தெடுத்த முறை அது. அதற்கு முன் ட்யூபோடே வளர்ந்திருக்கக்கூடிய எத்தனையோ பிள்ளைகள் இன்று ட்யூப் இல்லாமல் இருக்கிறார்கள். இந்தியாவிலும் செய்கிறார்கள்.

பேச்சுக்கும் ட்யூப் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ட்யூபைச் சுற்றி மேலே காற்றுப் போக இடம் இருக்கிறது என்று டாக்டர் உறுதி செய்தால், பேசும் வால்வு மாட்டலாம். மூச்சை ட்யூப் வழியாக உள்ளே விட்டு, வெளிவரும் காற்றைக் குரல் நாண் வழியாகத் திருப்பும் சின்ன மூடி அது. தசைச்சிதைவு நோயால் வென்டிலேட்டரில் இருந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர் தன் குரலைத் திரும்பப் பெறுவதற்காகவே 1980-களில் உருவாக்கியது. பலூன் வைத்த ட்யூப் என்றால் பலூனில் காற்று இருக்கும்போது இந்த வால்வை மாட்டவே கூடாது, வெளிமூச்சுக்கு வழியில்லாமல் போய்விடும். முதல் முறை வால்வு மாட்டியதும் சில பிள்ளைகள் தங்கள் குரலுக்கே பயந்து அழும். அப்புறம் அந்த அழுகையின் சத்தத்தைக் கேட்டு நிறுத்தி, மறுபடி அழுது பார்க்கும். வால்வு மாட்ட முடியாத பிள்ளைகளிடம் வீட்டார் வாய் ஓயாமல் பேச வேண்டும், கை சைகையும் கற்றுத்தர வேண்டும். பதில் சத்தம் வரவில்லை என்று வீட்டில் பேச்சு குறைந்துவிடுகிறது. பிள்ளைக்கு மொழி தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ட்யூபை எடுப்பது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் உள்ளே கருவி விட்டுப் பார்ப்பார்கள். துளைக்கு மேலே சதை வளர்ந்திருந்தால் அகற்றுவார்கள். சின்ன அளவு ட்யூபுக்கு மாற்றி, பகலில் சிறிது நேரம் மூடி போட்டு, பிறகு இரவு முழுக்க மூடி, மூச்சும் ஆக்ஸிஜனும் நிலையாக இருந்தால் காலையில் எடுப்பார்கள். ஓரிரு நாள் வார்டிலேயே இருக்க வேண்டும். துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். நெடுங்காலம் ட்யூப் இருந்த பிள்ளைகளுக்குத் தோல் உள்ளே வளர்ந்து மூடாமல் நிற்கலாம். அதற்கு இன்னொரு சின்ன அறுவை உண்டு.

ட்யூப் உள்ள பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்க மறுத்த கதைகள் என்னிடம் நிறைய வருகின்றன. இது தொற்றுநோய் அல்ல. அந்தப் பிள்ளை ஓடலாம், சாப்பிடலாம், மற்ற பிள்ளைகளோடு விளையாடலாம். மணலும் தண்ணீரும் மட்டும் ஆகாது. ஆசிரியரோ ஆயாவோ ஒரு நாள் எங்கள் வார்டுக்கு வந்தால் அம்மாவோடு சேர்த்துக் கற்றுத்தருகிறோம். அதுவரை இவ்வளவு தெரிந்தால் போதும். துளையைத் துணியாலோ கையாலோ மூடாதீர்கள். பக்கத்தில் புகைபிடிக்காதீர்கள். ட்யூபில் களகளவென்று சத்தம் வந்தால் சளி, பையை எடுத்து அம்மாவைக் கூப்பிடுங்கள். பிள்ளை நீலமானால் சக்‌ஷன் போட வேண்டும், அதிலும் வழி திறக்காவிட்டால் ட்யூபை மாற்ற வேண்டும், அதே அளவு உள்ளே போகாவிட்டால் சின்ன அளவைப் போட வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு ஊத வேண்டும். 108-க்கு அழைக்கும்போது முதல் வார்த்தையாக, கழுத்தில் ட்யூப் உள்ள பிள்ளை என்று சொல்லிவிடுங்கள்.